காணோம்... ஆனா இருக்கு!

போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரம் எவ்வளவோ மாறிவிட்டது. ஸ்பைசஸ் போர்டு ஏலமே இப்போது கம்ப்யூட்டர் திரையில்தான். யார் எவ்வளவு தரணும் என்கிற கணக்கும் பேரேட்டை விட்டுத் திரைக்கு வந்துவிட்டது. 'பாக்கி', 'பாக்கி புதுசு', 'பாக்கி கடைசி' என்று பெயர் வைத்து டெஸ்க்டாப்பிலேயே வரிசையாக அடுக்கியிருப்பார்கள். போடி மட்டுமா? சின்னமனூர் வாழை மண்டி, கம்பம் திராட்சை கமிஷன் கடை... எங்கே போனாலும் இதே காட்சிதான். ஏன், உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரும் இப்படித்தானே?

ஒருநாள் காலையில் திறந்தால், வெறும் திரை! ஒரு ஐகான் இல்லை. குப்பைத்தொட்டிகூட இல்லை. மண்டி முதலாளிக்கு வயிற்றைக் கலக்குமா, கலக்காதா?

நடந்தது இவ்வளவுதான். திரையில் காலியான இடத்தில் மவுஸின் வலது பட்டனை அழுத்தினால் ஒரு பட்டியல் வரும். அதில் 'வியூ'. அதற்குள் 'ஷோ டெஸ்க்டாப் ஐகான்ஸ்'. பக்கத்தில் ஒரு டிக். ராத்திரி கேம் ஆட உட்கார்ந்த பேரன் அந்த டிக்கை எடுத்துவிட்டான். மறுபடி டிக் போட்டால் எல்லாம் பழையபடி வந்து உட்கார்ந்துவிடும். ஒரு ஃபைலும் எங்கேயும் போகவில்லை.

வசதி நல்ல வசதிதான். கல்லூரி செமினாரில் புரொஜெக்டர் போடுகிறவர், தன் 'லோன் டியூ' ஃபைலை ஊருக்கே காட்ட வேண்டாம் பாருங்கள். என் புகாரெல்லாம், ஒளித்து வைத்ததும் தொலைந்துபோனதும் திரையில் ஒரே மாதிரி தெரிகிறதே என்பதுதான்.

நான் பி.காம். படித்தவன். பேரேட்டில் தப்பாக எழுதிவிட்டால் ரப்பர் போட்டு அழிக்கக்கூடாது; கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போடணும். அடித்தது தெரியணும்! கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் திருத்தியதெல்லாம் பதிவாகணும், அந்தப் பதிவை யாரும் அணைக்கக்கூடாது என்று 2023 ஏப்ரல் 1 முதல் விதியே வந்துவிட்டது. அந்த நாணயம் விண்டோஸ் திரைக்கு மட்டும் வேண்டாமா? மூலையில் '20 ஐகான்கள் மறைக்கப்பட்டுள்ளன' என்று ஒரு வரி போட்டால் மைக்ரோசாஃப்ட்டின் சொத்து குறைந்தா போய்விடும்?

அவர்களுக்குத் தெரியாததும் இல்லை. 2001-ல் வந்த எக்ஸ்பியில், 60 நாளைக்கு ஒருமுறை ஒரு துப்புரவுக்காரர் எட்டிப் பார்த்து, 'உபயோகிக்காத ஐகானெல்லாம் எடுத்துடட்டுமா?' என்று கேட்பார். எடுத்ததை ஒரு தனி ஃபோல்டரில் போட்டு, அதையும் டெஸ்க்டாப்பிலேயே வைத்துவிட்டுப் போவார். நச்சரிப்பு என்று நாம்தான் அலுத்துக்கொண்டோம். ஆனாலும் மனிதர் சொல்லிவிட்டுச் செய்தார்! 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது ஸ்டார்ட் பட்டனையே காணோம். உலகமே கூச்சல் போட்டது. 2013-ல் 8.1-ல் பட்டன் திரும்பி வந்தது. கூச்சல் போட்டால் அமெரிக்காவில் காது கேட்கிறது. சின்னமனூர் மண்டிக்காரர் யாரிடம் போய்க் கூச்சல் போடுவார்?

சர்வீஸ் கடைக்குத்தான் போவார். விவரமான பையன் இருந்தால் இரண்டு கிளிக்கில் முடித்துவிட்டு, 'டீ மட்டும் சொல்லுங்கண்ணே' என்பான். இல்லாவிட்டால், 'வைரஸ்ணே... ஃபார்மட் அடிச்சிருவோம்!'

நிஜமான நஷ்டம் இங்கேதான். டெஸ்க்டாப் என்பது சாதாரணமாக சி டிரைவுக்குள் இருக்கிற ஒரு ஃபோல்டர். விண்டோஸைப் புதிதாகப் போடுகிறேன் என்று சி டிரைவைத் துடைத்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். அதுவரை பத்திரமாக இருந்த மூன்று வருஷத்து பாக்கி, வைத்தியத்தில் செத்துப்போகும். சமையலறையில் இருக்கிற பூனையைக் காணோம் என்று வீட்டையே இடித்த கதை!

அதனால், கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு தேனிக்கு பஸ் ஏறுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். கீபோர்டில் விண்டோஸ் பட்டனைப் பிடித்துக்கொண்டு ஆங்கில 'ஈ'யைத் தட்டுங்கள். வருகிற ஜன்னலில் இடது பக்கம் 'டெஸ்க்டாப்' என்று இருக்கும். திறந்து பாருங்கள். ஐகான்கள் மறைந்திருந்தாலும், ஃபைல்கள் அத்தனையும் அங்கே வரிசையாக நிற்கும். நின்றால் வலது கிளிக், வியூ, டிக். செலவு பூஜ்யம். நிற்கவில்லை என்றால் அது வேறு வியாதி; கடைக்குப் போகத்தான் வேண்டும். அங்கே 'ஃபார்மட்' என்ற வார்த்தை காதில் விழுந்தால் மட்டும் கொஞ்சம் நிறுத்தி, 'தம்பி, மொதல்ல இருக்கறதையெல்லாம் ஒரு பென் டிரைவ்ல எடுத்துக் குடு, அப்புறம் பேசுவோம்' என்று சொல்லிவிடுங்கள்.