அடி சிதையா மின்னூல்

கவிதை செவிக்குரியது, எனினும் அச்சு தோன்றிய பின்னர் அது கண்ணுக்கும் உரியதாயிற்று. ஏட்டுச் சுவடிகளில் செய்யுளடிகள் தனித்தனியே பிரிக்கப்படாமல், உரைநடை போலத் தொடர்ந்தே எழுதப்பட்டன. அடியின் எல்லையை உணர எதுகையும் மோனையும் தளையும் துணைநின்றன. உ. வே. சாமிநாதையர் முதலிய பதிப்பாசிரியர்கள், ஏட்டில் ஒடுங்கிக் கிடந்த அடிகளைப் பிரித்துத் தாளில் நிறுத்தினர். இன்று அவ்வடிகள் தாளினின்றும் திரைக்குப் பெயர்கின்றன. இப்பெயர்ச்சியில் அடி நிலைக்கின்றதா, சிதைகின்றதா என்பதே ஆராயத்தக்கது.

1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர் பலரின் உழைப்பால் தமிழ் நூல்களை மின்வடிவில் விலையின்றி வழங்கியது. அதன் பயனாய், மதுரைப் புலவர் கையில் இருக்கும் நூல் பத்து பெரண்டாம் மாணவர் கைக்கும் எட்டுகிறது. மலேசியாவிலோ, முரசு நெடுமாறன் 1887 முதல் 1987 வரையிலான நூறாண்டுக் கவிதைகளைத் திரட்டி, 1997இல் 'மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்' தந்தார். அவர்தம் மைந்தர் முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' மென்பொருளால் தமிழைக் கணினியில் ஏற்றினார். தந்தை தொகுத்தார், மகன் கருவி தந்தார். அக்கருவி கொண்டு கவிதை நூல்களைச் செம்மையுறப் பதிப்பிக்கும் பணியே எஞ்சி நிற்கிறது.

மின்னூல் இருவகைப்படும். பக்கத்தை அச்சிட்டவாறே காட்டும் பிடிஎஃப் ஒருவகை. அதில் அடி மாறாது. ஆயினும் கைப்பேசியில் எழுத்து மிகச் சிறுத்துவிடும். திரையின் அளவிற்கேற்ப வரியை மடித்துக்கொள்ளும் இபப் மற்றொரு வகை. இது கண்ணுக்கு இனியது. கவிதைக்கோ இடர் தருவது. நாற்சீரும் முச்சீருமாய் அமைந்த குறளை இதில் பெரிய எழுத்தில் திறந்தால், முதலடியின் நான்காம் சீர் மடிந்து கீழே வீழ்கிறது. ஈரடி வெண்பா எனக் கற்ற மாணவன் மூன்று வரிகளைக் காண்கிறான். குறளுக்கே இந்நிலை எனில், கழிநெடிலடியால் அமைந்த விருத்தத்தின் நிலையைக் கூறவும் வேண்டுமோ?

இதில் மரபுக் கவிதையே மிகுதியும் கெடும் எனப் பலர் கருதுவர். உண்மை அதற்கு மாறானது. மரபுக் கவிதையின் அடி சிதைந்தாலும், யாப்பறிந்தார் எதுகையும் தளையும் கொண்டு மீட்டுவிடுவர். ஏட்டினின்று அவ்வாறே மீட்டனர். புதுக்கவிதைக்கோ அத்தகைய காவல் இல்லை. கவிஞன் வரியை முறித்த இடமே அதன் யாப்பு. இடைவெளிவிட்டுத் தள்ளி வைத்த ஒற்றைச் சொல்லே அதன் உயிர்நிலை. தட்டச்சில் வெறும் இடைவெளிகளால் தள்ளி வைத்தவற்றை இவ்வகை மின்னூல் ஒரே இடைவெளியாகச் சுருக்கிவிடும். மூல நூலும் மறைந்துவிட்டால், கவிஞன் கருதிய வடிவை எவராலும் மீட்க இயலாது. சில நூறு படிகளே அச்சான தோட்டப்புறக் கவிஞர்களின் தொகுப்புகளுக்கு இவ்விழப்பு நேரின், அது ஈடுசெய்ய முடியாததாகும்.

இதற்குரிய தீர்வு அச்சு மரபிலேயே உண்டு. நீண்ட விருத்த அடியை இரண்டாக மடித்து, பிற்பாதியைச் சற்று உள்ளே தள்ளி அச்சிடுவது முன்னோர் வழக்கம். இது மடிப்பேயன்றிப் புதிய அடியன்று என்பதை வாசகர் உடனே உணர்ந்தனர். மின்னூலிலும் ஒவ்வோர் அடியையும் தனி அலகாகக் குறித்து, மடியும் பகுதி தானே உள்தள்ளி நிற்குமாறு அமைத்தல் இயலும். பாடலுக்கும் பாடலுக்கும் இடையே பக்கம் பிரித்தலும், மூல நூலுடன் வரிக்கு வரி ஒப்புநோக்கலும் இன்றியமையாதன.

இப்பணியைத் தட்டச்சுப் பணியெனக் கருதி ஒதுக்குதல் தகாது. எந்திரம் வரியை அறியும், அடியை அறியாது. அடியை அறிந்தவர் தமிழாசிரியரே. ஆதலின், மின்னூலின் மெய்ப்பு அவர் பார்வைக்கு உட்பட்ட பின்னரே வெளிவருதல் வேண்டும். அன்று ஏட்டைப் பதிப்பித்தோர் ஆற்றிய பணியும் இதுவேயன்றோ?