சட்டத்துக்கு வெளியே ஒரு பேயோட்டி

பேய்க்கதையில் சாகச நாயகனுக்கு இடம் கொடுப்பது எளிதல்ல. கையாலாகாத நிலையில்தான் அச்சம் பிறக்கிறது. நாயகனோ எதையாவது செய்து தப்பித்துவிடுகிறவன். அவன் பலசாலியாக இருந்தால் பயம் போய்விடும், பலவீனனாக இருந்தால் சாகசம் போய்விடும். நூறாண்டுகளுக்கு மேலாக ஆங்கில வெகுஜன எழுத்து இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டி வருகிறது. அதில் மிகத் துணிச்சலான முயற்சி என்று நான் கருதுவது அமெரிக்கரான எஃப். பால் வில்சன் 1984-இல் வெளியிட்ட 'தி டூம்' நாவலை.

ஆரம்பத்தில் பேயை எதிர்கொண்டவர்கள் மருத்துவர்கள். ஷெரிடன் லெ ஃபானுவின் ஹெசீலியஸ் (1872), பிராம் ஸ்டோக்கரின் வான் ஹெல்சிங் (1897), அல்ஜர்னன் பிளாக்வுட்டின் ஜான் சைலன்ஸ் (1908) என்று மூவரும் படித்த பெரிய மனிதர்கள். அவர்களுடைய தகுதியை ஊர் கேள்வி கேட்பதில்லை. இந்த வரிசையில் எனக்கு மிகப் பிடித்தவர் வில்லியம் ஹோப் ஹாட்ஜ்சன் 1910-இல் 'தி ஐட்லர்' இதழில் அறிமுகப்படுத்திய கார்னாக்கி. ஒளிரும் கண்ணாடிக் குழாய்களை ஐந்துமுனை நட்சத்திரமாகத் தரையில் அடுக்கி, பாட்டரியில் இணைத்து, அதன் நடுவே இரவெல்லாம் உட்கார்ந்திருப்பார். மந்திரக் கட்டும் மின்சாரமும் கலந்த பாதுகாப்பு அது. சில வழக்குகளில் பேயே இருக்காது, மனிதனின் தந்திரம்தான் வெளிப்படும். அடுத்தது எது என்று வாசகனுக்குத் தெரியாததால் அந்தக் கதைகள் இன்றும் நடுங்க வைக்கின்றன. 'வியர்ட் டேல்ஸ்' இதழில் 1925 முதல் 1951 வரை சீபரி குவின் எழுதிய ஜூல் த கிராந்தான் கதைகள் தொண்ணூறைத் தாண்டும். அவற்றில் இந்த நிச்சயமின்மை இல்லை. வில்லன் யார் என்று தெரிந்ததும் த கிராந்தானே தீர்ப்பெழுதி நிறைவேற்றியும் விடுகிறார்.

இன்னொரு பக்கம் பேயே இல்லாத ஒரு மரபும் வளர்ந்துகொண்டிருந்தது. ஜான் டி. மெக்டொனால்டின் டிராவிஸ் மெகி (1964) பறிபோன சொத்தை மீட்டுக் கொடுத்துப் பாதியைக் கூலியாக எடுத்துக்கொள்பவன். டான் பெண்டில்டனின் மேக் போலன் (1969) மாஃபியாவைத் தனியாளாக வேட்டையாடுகிறவன். பிரையன் கார்ஃபீல்டின் 'டெத் விஷ்' (1972), மனைவியை இழந்தவன் துப்பாக்கியோடு தெருவில் இறங்கினால் அவனுக்குள் என்ன அழுகிப்போகும் என்று காட்டிய நாவல். 1974-இல் வந்த திரைப்படம் அந்த அழுகலை வீரமாக்கிவிட்டது. அது பிடிக்காமல் கார்ஃபீல்ட் மறுவருடமே 'டெத் சென்டன்ஸ்' எழுதினார். நியூயார்க்கில் குற்றங்கள் மலிந்திருந்த காலம் அது. 1984 டிசம்பர் 22 அன்று பெர்னார்ட் கெட்ஸ் என்பவர் அந்நகரின் சுரங்க ரயிலில் நான்கு கறுப்பின இளைஞர்களைச் சுட்டபோது அவரைக் கொண்டாடியவர்கள் ஏராளம்.

'தி டூம்' வந்ததும் அதே ஆண்டில்தான். அதன் நாயகன் 'ரிப்பேர்மேன் ஜாக்'. வில்சன் தொழிலால் மருத்துவர். அரசின் தலையீட்டை வெறுக்கும் சுதந்திரவாதிகளின் பிரமீதியஸ் விருதை 1979-இல் முதன்முதலாகப் பெற்றவரும் அவரே. அந்த அரசியல்தான் ஜாக்காக நடமாடுகிறது. ஜாக்குக்குச் சமூகப் பாதுகாப்பு எண் இல்லை, வரி கட்டுவதில்லை, எந்தப் பதிவேட்டிலும் அவன் பெயர் இல்லை. போலீஸிடம் போக முடியாதவர்களின் சிக்கலைப் பணம் வாங்கிக்கொண்டு தீர்த்து வைக்கிறான். அவனுக்கு ஆயுதம் கொடுப்பவர் ஏப் கிராஸ்மன். மேலே விளையாட்டுச் சாமான் கடை, கீழே நிலவறையில் துப்பாக்கிகள்.

நாவல் சின்ன வேலையில்தான் தொடங்குகிறது. ஐ.நா.வில் இந்தியாவின் சார்பில் பணியாற்றும் குசும், தன் பாட்டியிடம் ஒரு வழிப்பறிக்காரன் பிடுங்கிய கழுத்தணியை உடனே மீட்டுத் தரச் சொல்கிறார். ஜாக் கிழவி வேஷம் போட்டுக்கொண்டு, தன்னையே இரையாக்கித் திருடனை வரவழைக்கிறான். பேய் எட்டிப் பார்ப்பதற்கு முன்பே அவன் தொழில் சுத்தம் நமக்குப் பிடிபட்டுவிடுகிறது. பின்னால் ரகோஷிகள் என்ற அரக்கர்கள் வரும்போது அந்தத் திறமையெல்லாம் போதாமல் போவதைப் பார்க்கிறோம். சாகசமும் பயமும் ஒரே ஆளுக்குள் கூடிவருவது அந்த இடத்தில்தான்.

ஆனால் இந்த நாவலின் உண்மையான வலு குசும்தான். 1857-இல் ஆங்கிலேயக் கேப்டன் வெஸ்ட்ஃபாலன், வங்கத்து மலைகளில் ஒரு காளி கோயிலைக் கொள்ளையடித்து, அங்கிருந்தவர்களைக் கொன்று குவிக்கிறான். அவன் வம்சத்தைப் பூண்டோடு அழிப்பது குசுமின் சபதம். அதற்காகவே ரகோஷிகளைக் கப்பலில் வைத்து வளர்க்கிறார். அந்த வம்சத்தின் கடைசிக் கொழுந்து, ஜாக் நேசிக்கும் ஜியாவின் சின்ன மகள் விக்கி. இப்போது ஜாக்கின் பழைய கதையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நெடுஞ்சாலைப் பாலத்திலிருந்து எவனோ போட்ட கல்லில் அவன் தாய் செத்தாள். அவனைத் தேடிப் பிடித்துக் கொன்ற பிறகே ஜாக் சட்டத்துக்கு வெளியே போனான். இருவரும் சொந்த ரத்தத்துக்காகப் பழி தீர்ப்பவர்கள், எந்த நீதிமன்றத்தையும் மதிக்காதவர்கள். ஜாக் கொன்றது குற்றவாளியை, குசும் கொல்லப்போவது ஒரு குழந்தையை. தனிமனிதன் கையில் எடுக்கும் நீதி எந்தத் தலைமுறையில் அநீதியாகிறது என்ற கேள்வி கதைக்குள்ளேயே எழுகிறது.

அந்தக் கேள்வியை வில்சன் கடைசிவரை தாங்கிப் பிடிக்கவில்லை என்பது என் குறை. எதிரே நிற்பது அரக்கன் என்றானதும், உனக்கு யார் இந்த உரிமையைக் கொடுத்தது என்று ஜாக்கைக் கேட்க எவரும் மிச்சமில்லை. அரக்கனைக் கொளுத்தினால் பாவம் இல்லையே! கோயிலை இழந்தவரின் நியாயமும் கப்பலோடு சேர்ந்து எரிந்துபோகிறது. 'இந்தியானா ஜோன்ஸ் அண்ட் த டெம்பிள் ஆஃப் டூம்' வந்ததும் 1984-இல்தான். காளி என்றாலே நரபலி என்று அமெரிக்க வெகுஜனக் கற்பனை அந்த ஆண்டில் இரண்டு முறை சொல்லிவிட்டது. வங்கத்து நாட்டார் ராட்சசனை அறிந்தவர்களுக்கு இது பெரிய இழப்பாகத் தெரியும். தக்ஷிணாரஞ்சன் மித்ர மஜும்தார் 1907-இல் தொகுத்த 'தாகுர்மார் ஜூலி' கதைகளில் ராட்சசிகள் பேசுவார்கள், ராணி வேஷத்தில் அரண்மனைக்குள் புகுந்து குடும்பம் நடத்துவார்கள். நம் பாட்டிமார் கதைகளில் ஏழு கடல் தாண்டிக் கிளிக்குள் இருக்கும் அரக்கனின் உயிரைப் போல, அவர்கள் உயிரும் வேறெங்கோ ஒளிந்திருக்கும். வில்சனின் ரகோஷிக்கு நகமும் பசியும் உண்டு. அந்தச் சூது இல்லை.

பின்னால் வந்தவர்களில் சித்திரக்கதை நாயகன் ஜான் கான்ஸ்டன்டைன் (1985) ஏமாற்றியே பிழைக்கிறவன். தன்னைக் காக்க நண்பர்களைப் பலி கொடுத்த குற்றம் அவனை விடுவதில்லை. ஜிம் புட்சரின் ஹாரி டிரெஸ்டன் (2000) சிகாகோ தொலைபேசிப் புத்தகத்தில் மந்திரவாதி என்றே விளம்பரம் செய்துகொள்கிறான். அவனுக்கு மந்திரம் தெரியும் என்பதால் பயத்தைவிட விறுவிறுப்பே மிஞ்சுகிறது.

வில்சன் 'தி டூம்' முடிவில் ஜாக்கைச் சாகக் கிடக்கும் நிலையில் விட்டார். 1992-இல் 'நைட்வேர்ல்ட்' நாவலில் அவன் தலைகாட்டினாலும், தனி நாயகனாகத் திரும்பியது 1998-இல் 'லெகசீஸ்' வழியாகத்தான். அதன்பின் ஏறக்குறைய ஆண்டுக்கொன்றாக நாவல்கள் வந்தன. போகப் போக ஜாக் அண்ட சக்திகளின் போரில் முன்கூட்டியே தேர்ந்தெடுக்கப்பட்ட வீரனாகிறான். அந்தத் திருப்பம் எனக்கு உடன்பாடில்லை. விதி அனுப்பிவைத்த வீரனிடம் உரிமை பற்றிக் கேட்க முடியாது. கூலி வாங்கிக்கொண்டு தானே முடிவெடுக்கிறவனிடம் கேட்கலாம். அதனால்தான் இந்தத் தொடரில் புதிதாக நுழைகிறவர்களிடம் 'தி டூம்' நாவலையே முதலில் கொடுக்கிறேன், பிறகு 'லெகசீஸ்'.