பச்சை மையும் ஜூன் 19-ம்

2015 மே மாதம். பிளஸ் டூ பரீட்சை முடிந்து, ஹாஸ்டல் டிரங்குப் பெட்டியோடு வீட்டுக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. சேலத்தில் மாமா வீட்டு மொட்டைமாடியில் மாமா பையன் போனை நீட்டி, "குழந்தைங்க பாட்டு மாதிரிதான் இருக்கும், கடைசி வரைக்கும் பாரு"ன்னான். மூன்றரை நிமிடம்தான். அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை.

அதுதான் 'டோன்ட் ஹக் மீ ஐ ஆம் ஸ்கேர்ட்'. 'என்னைக் கட்டிப்பிடிக்காதே, பயமா இருக்கு' என்று சொல்லிக்கொள்ளலாம். பிரிட்டனைச் சேர்ந்த பெக்கி ஸ்லோன், ஜோசப் பெல்லிங் இருவரும் தொடங்கிய குறும்படத் தொடர். பொம்மை, ஸ்டாப் மோஷன், கணினி அனிமேஷன் எல்லாம் கலந்தது. முதல் படம் 2011 ஜூலையிலும் ஆறாவது படம் 2016 ஜூன் 19 அன்றும் யூடியூபில் வந்தன. 2022-ல் சேனல் 4 இதை ஆறு பகுதித் தொலைக்காட்சித் தொடராகவும் காட்டியது.

கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு வீட்டில் சிவப்பு முடிக்காரன், மஞ்சள் பையன், வாத்து என மூன்று பேர். வீட்டிலுள்ள ஏதாவது ஒரு பொருளுக்கு உயிர் வந்து பாட்டாகவே பாடம் நடத்த ஆரம்பிக்கும். நோட்டுப் புத்தகம் படைப்பாற்றலைச் சொல்லித்தரும், கடிகாரம் நேரத்தை, பட்டாம்பூச்சி காதலை, கம்ப்யூட்டர் தன்னைப் பற்றியே. பாடம் இனிமையாகத் தொடங்கும், கொஞ்சம் கொஞ்சமாகக் கோணலாகும், கடைசியில் ரத்தமும் சதையுமாக முடியும். பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி அடுத்த பாடம்.

இப்படி ஒன்றைப் பார்த்தவன் சும்மா இருப்பானா? நான் இருக்கவில்லை. ரசிகர்களும் இருக்கவில்லை.

அவர்களுடைய தியரிகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். ஒன்று, தேதித் தியரி. படங்களில் வரும் காலண்டர் ஜூன் 19-லேயே நிற்கிறது. கடைசிப் படமும் அதே தேதியில் வந்தது. அன்று தந்தையர் தினம். இரண்டு, அப்பா தியரி. மஞ்சள் பையனின் அப்பா ராய் அவ்வப்போது ஓரமாக எட்டிப்பார்க்கிறார், எனவே எல்லாம் அவர் வேலை. மூன்று, டிவி தியரி. குழந்தைகள் நிகழ்ச்சிகளை விளம்பரக் கம்பெனிகள் பிடித்துக்கொண்ட கதைதான் இது என்பது.

நானும் ஒரு எக்செல் ஷீட் போட்டேன். ஜூன் 19 எந்தெந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமை வந்தது என்று பின்னோக்கிப் போனால் 1955 கிடைத்தது. பிரிட்டனில் விளம்பரம் போடும் தொலைக்காட்சி தொடங்கியதும் 1955-ல்தான். நடுராத்திரியில் அதைக் கண்டுபிடித்தபோது வந்த சந்தோஷம் எனக்கு ரிசல்ட் அன்னைக்குக்கூட வரலை.

தியரிகளை நான் கிண்டல் செய்யவில்லை. ஷின்சான் செத்துட்டான், நோபிடா கோமாவில் கிடக்கிறான் என்று நம்ம ஊர்ப் பசங்க பரப்பிய வதந்தி மாதிரி இல்லை இவை. அந்த வதந்திகளுக்குப் படத்தைப் பார்க்கவே தேவையில்லை. இவர்களோ ஒவ்வொரு ஃபிரேமாக நிறுத்திப் பார்த்தவர்கள். காலண்டரை நான் கவனித்ததே அவர்கள் சொன்ன பிறகுதான். உருவாக்கியவர்களும் தேதியைத் தெரிந்தேதான் ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அந்த ஷீட்டில் நான் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. முதல் படத்தில் பிடித்த நிறம் எது என்ற பேச்சு வரும்போது, நோட்டுப் புத்தகம் பச்சையை மட்டும் ஏற்றுக்கொள்ளாது. காரணமும் சொல்லாது. அந்தப் பச்சைக்கு ரசிகர்கள் விதவிதமாக விளக்கம் சொல்கிறார்கள். எனக்கு விளக்கமே தேவைப்படவில்லை. பிளஸ் ஒன்னில் ஒருநாள் தலைப்பைப் பச்சை ஜெல் பேனாவில் எழுதிவிட்டேன். வாத்தியார் பக்கத்தையே குறுக்கே அடித்துவிட்டு, "பச்சை இங்க்ல எழுத நீ என்ன கலெக்டரா?" என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். கெஜட்டட் ஆபீசர்தான் பச்சை மையில் கையெழுத்துப் போடுவார் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. எங்களை அங்கே சேர்த்ததே ஒருநாள் அந்தப் பேனாவைப் பிடிக்கத்தான். அதுவரைக்கும் தொடக்கூடாது.

நான் படித்தது நாமக்கல் மாவட்டத்தில் ஒரு ஹாஸ்டல் பள்ளியில். பெயர் வேண்டாம். இந்த வகைப் பள்ளிகளை 'பிராய்லர் பள்ளி' என்று பத்திரிகைகள் எழுதின. கோழி தெரிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். பிராய்லர் சுமார் ஆறு வாரத்தில் கறிக்கடைக்குப் போய்விடும். நாமக்கல் முட்டைக்குப் பேர் போன ஊர். இங்கே இருப்பது பெரும்பாலும் லேயர் கோழி. கூண்டில் வைத்து, முட்டையை எண்ணி வளர்ப்பது. முட்டை குறையாமல் இருக்க, பகல் வெளிச்சத்தோடு பல்பு வெளிச்சமும் சேர்த்து ஒரு நாளைக்குச் சுமார் 16 மணி நேரம் கொடுப்பார்கள். எங்களுக்குக் காலை 5 மணியிலிருந்து இரவு 10.30 வரை லைட் எரியும். கோழியைவிட ஒன்றரை மணி நேரம் அதிகம்.

பிளஸ் ஒன் சேர்ந்த உடனே பிளஸ் டூ புத்தகம்தான். இப்படிப் பல பள்ளிகள் பிளஸ் ஒன்னையே தாண்டிப் போனதால்தான் 2017-18-ல் அரசு பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தது. எங்கள் காலத்தில் அது இல்லை. வகுப்பில் 'ஏன்' என்று கேட்டால் வரும் பதில், "டைம் இல்லை". இரண்டாவது படத்தில், நேரம் என்பது நிஜமாகவே இருக்கிறதா என்று சந்தேகம் கேட்பார்கள். கடிகாரம் பதில் சொல்லாது. காதில் ரத்தம் வரும் வரை அலறும். பிறகு அவர்கள் கிழடாகி, அழுகிப் போகும் வரை முள்ளைச் சுற்றவிடும். அந்தக் காட்சியில் ஒளிந்திருக்கும் அர்த்தம் என்று எதைத் தேடுவது? எல்லாம் வெளியிலேயே கிடக்கிறது.

தியரி எனக்குச் செய்த வேலை என்னவென்று இப்போது புரிகிறது. அது படத்தை என்னிடமிருந்து தூரமாகக் கொண்டுபோனது. 1955, பிரிட்டன், விளம்பரக் கம்பெனி என்று பேசிக்கொண்டிருந்தால் ஹாஸ்டல் பற்றிப் பேச வேண்டியதில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. தியரிக்கு எப்போதும் ஒரு திருடன் வேண்டும். ராய்தான் குற்றவாளி, கேஸ் முடிந்தது என்று மூடிவிடலாம். ஆறாவது படம் அவ்வளவு சுலபமாக விடவில்லை. அதில் சிவப்பு முடிக்காரன் தப்பித்துப் போய், கடைசியில் ஒரு பெரிய இயந்திரத்தின் முன்னால் நிற்கிறான். திரையில் மஞ்சள் பையன். இவன் ஒரு பட்டனை அழுத்த, அங்கே ஒரு புது வாத்தியார் முளைத்துப் பையனை வதைக்கிறார். இன்னொரு பட்டன், இன்னொரு வாத்தியார். ராயின் கை தோளில் விழுவது அப்புறம்தான். அதற்கு முன்னால் பட்டனில் இருந்தது பழைய மாணவனின் விரல். பிளக்கைப் பிடுங்குகிறான், தேதி ஒருவழியாக ஜூன் 20-க்கு மாறுகிறது, ஆனாலும் நோட்டுப் புத்தகம் மறுபடி பாடத்தை ஆரம்பிக்கிறது.

2017-ல் பிளஸ் டூ ரேங்க் பட்டியலைத் தமிழ்நாடு நிறுத்தியபோது எங்கள் பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கொண்டாட்டம். பிளக்கைப் பிடுங்கியாச்சு என்று நானே எழுதினேன். அதே வருஷம் நீட் வந்தது. கோச்சிங் போர்டுகளும் வந்தன.

போன மாதம் ராசிபுரத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா பையன் எட்டாவது. கணக்குச் சொல்லித்தர உட்கார்ந்தேன். "மாமா, மைனஸை மைனஸால பெருக்கினா ஏன் பிளஸ் வருது?"ன்னு கேட்டான். "அதெல்லாம் பரீட்சைக்குக் கேக்க மாட்டாங்க, போடு"ன்னேன். யோசிக்காமல், அதே குரலில். அவன் மறுபேச்சு பேசாமல் போட ஆரம்பித்துவிட்டான். எனக்குப் பகீரென்றது அவன் பேசாமல் போட்டதைப் பார்த்துத்தான். பட்டனில் என் விரல்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி போய், அந்தக் கேள்வியை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்தோம். எனக்கே பதில் தெளிவாகத் தெரியவில்லை. கடன், தள்ளுபடி, எண்கோடு என்று என்னென்னவோ போட்டுப் பார்த்தோம். ஒன்றரை மணி நேரம் ஆச்சு. செய்ய வேண்டிய பயிற்சியில் ஒரு கணக்குகூட முடியலை. அக்கா இன்னும் கோபமாகத்தான் இருக்கிறாள்.