துணைக்குரலும் மேடையும்: றாப் ஆற்றுகையில் ஹைப்மன் பெறுமிடம்

றாப் பாடலை இலக்கியமாகக் கொண்டு ஆராயும் போக்கு மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களில் இன்று நன்கு வேரூன்றிவிட்டது. 2010 ஆம் ஆண்டில் யேல் பல்கலைக்கழகப் பதிப்பகம் றாப் பாடல்களின் பெருந்தொகுப்பு ஒன்றினை வெளியிட்டது. 2018 இல் கென்ட்றிக் லமாரின் இசைத்தொகுதி ஒன்று இசைக்கான புலிட்சர் பரிசினைப் பெற்றது. செவ்வியல் இசை, ஜாஸ் ஆகிய இரண்டிற்கும் வெளியேயிருந்து அப்பரிசினைப் பெற்ற முதற் படைப்பு அதுவே. இவை வரவேற்கத்தக்கனவே என்பதில் எமக்கு ஐயமில்லை. எனினும் இவ்வழி வந்த ஆய்வுகளிற் பெரும்பாலானவை ஏட்டிற் பெயர்த்தெழுதப்பட்ட சொல்லையும் இசைத்தட்டிற் பதிவான குரலையுமே தமக்குரிய மூலங்களாகக் கொண்டுள்ளன. மேடையில் நிகழ்வது யாது என்னும் வினா பின்தள்ளப்பட்டுவிட்டது. பாடுவோனுக்கு ஓரடி பின்னே, கையில் இன்னோர் ஒலிவாங்கியுடன் நிற்கும் ஒருவனைப் பற்றி இவ்வாய்வுகள் ஏறத்தாழ மௌனமே சாதிக்கின்றன. அவனைப் பற்றியே நாம் இங்கு நோக்க விரும்புகின்றோம்.

ஆங்கிலத்தில் அவனுக்கு ஹைப்மன் என்று பெயர். கூட்டத்தைக் கிளர்ச்சியூட்டுபவன் என்பது அதன் நேர்ப்பொருள். வசதி கருதி இக்கட்டுரையில் அவனைத் துணைக்குரலோன் என வழங்குவோம். இச்சொல் அவன் பணியின் ஒரு பாதியையே சுட்டுகின்றது என்பதை நாம் அறிவோம். மறுபாதி கட்டுரைப் போக்கில் விளங்கும்.

முதலிற் சொல்லவேண்டியது மூச்சினைப் பற்றியதாகும். ஏனைய பாடல் வடிவங்களில் ஓரசையை நீட்டிப் பாடவும், இசைக்கருவிக்கு இடம்விட்டு ஓய்ந்திருக்கவும் வாய்ப்புண்டு. றாப்பில் அது அரிது. சொற்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டவை, தாளம் காத்திராது. பதிவுக்கூடத்தில் ஒருவன் தன் குரலையே இரண்டு மூன்று தடவை தனித்தனியே பதிந்து, அடியின் இறுதிச் சொற்களைத் தடிப்பாக்கிக்கொள்கின்றான். ஓரடி முடியுமுன் அடுத்த அடி தொடங்குமாறு இரு பதிவுகளை ஒன்றன்மேலொன்று பொருத்தவும் அங்கு இயலும். இவ்வாறு உருவான பாடலை மேடையில் ஒற்றை உடம்பு தாங்கமாட்டாது. நடந்தும் குதித்தும் ஒரு மணித்தியாலத்திற்கு மேலாகப் பாடவேண்டியவன் எங்கே மூச்சிழுப்பான்? துணைக்குரலோன் இறுதிச்சொல்லைத் தான் ஏற்றுச் சொல்கையில் அவனுக்கு அந்தக் கணநேரம் கிடைக்கின்றது. கேட்போருக்கோ எதுகை இரட்டிப்பாக ஒலிக்கின்றது.

எமது கூத்து மரபினை அறிந்தோர்க்கு இது புதியதன்று. வட்டக்களரியில் ஆடிக்கொண்டே பாடும் கூத்தன் ஓரடியை முடித்ததும் பிற்பாட்டுக்காரர் அதனை ஏற்றுப் பாடுவர். அந்த இடைவெளியில் அவன் ஆட்டத்தையும் தொடர்ந்து மூச்சினையும் மீட்டுக்கொள்வான். இவ்விரண்டிற்குமிடையே வரலாற்றுத் தொடர்பு உண்டெனக் கூற முற்படுவது அபத்தமாகும். ஒரேவகையான உடல் நெருக்கடி ஒரேவகையான தீர்வினைத் தோற்றுவித்துள்ளது, அவ்வளவே. மேலும், பிற்பாட்டுக்காரர் கூத்தனுக்கே குரல் கொடுப்பர். றாப் மேடையில் நிற்பவனோ பாதி நேரம் பாடுவோனை நோக்கியும் பாதி நேரம் சனக்கூட்டத்தை நோக்கியும் நிற்கின்றான். இந்த இரட்டை நோக்குத்தான் எமது கவனத்திற்குரியது.

இதன் தோற்றத்தை அறிய நியூயோர்க் நகரின் பிறொங்ஸ் பகுதிக்கு நாம் செல்லவேண்டும். 1973 ஓகஸ்ட் 11 ஆம் நாள் செஜ்விக் அவெனியூ 1520 ஆம் இலக்கக் குடியிருப்பில் கூல் ஹேர்க் இசைத்தட்டுக்களை இயக்கி நடத்திய நடன விருந்தினையே ஹிப்ஹொப்பின் தொடக்கமாகப் பலரும் கொள்வர். அவ்விருந்துகளில் ஒலிவாங்கியைப் பிடித்திருந்தவர் கோக் லா றொக். அவர் பாடியது கவிதையன்று. வந்திருந்த நண்பர்களின் பெயர்களை உரத்துக் கூவினார், ஆடுவோரை உற்சாகப்படுத்தினார்.

சில ஆண்டுகளின் பின் கிறான்ட்மாஸ்ரர் பிளாஷ் இரு இசைத்தட்டுக்களை மாறிமாறி இயக்கி, பாடலொன்றின் தாளப்பகுதியை முறிவின்றி நீட்டும் நுட்பத்தைச் செம்மைப்படுத்தினார். அதனை அவர் மக்கள் முன்னிலையிற் செய்து காட்டியபோது எதிர்பாராதது நிகழ்ந்தது. ஆடவேண்டிய கூட்டம் ஆட்டத்தை விட்டுவிட்டு அவருடைய கைவிரல்களைப் பார்த்துக்கொண்டு வாளா நின்றது. நுட்பம் வென்றது, விருந்து தோற்றது. இதன் பின்னரே தமக்கு ஒரு குரல் தேவையென பிளாஷ் உணர்ந்தார். அவ்விடத்திற்கு வந்தவர் கவ்போய் எனப்பட்ட கீத் விக்கின்ஸ். கைகளை உயர்த்தி அசைக்குமாறு கூட்டத்தைக் கேட்கும், இன்று உலகெங்கும் வழங்கும் முறைமையை நிலைபெறச் செய்த பெருமை அவருக்கே உரியதெனக் கூறுவர். 1989 இல் அவர் காலமானார். அவர் இடம்பெற்ற பியூறியஸ் பைவ் குழுவும் பிளாஷும் 2007 இல் றொக் அன் றோல் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றமை, ஹிப்ஹொப் துறையினர் எவரும் அதற்குமுன் பெறாத சிறப்பாகும்.

இச்செய்திகளை நாம் விரித்துரைப்பதற்குக் காரணமுண்டு. கோக் லா றொக்கும் கவ்போயும் செய்த பணி இன்றைய துணைக்குரலோனின் பணியே. அவர்கள் கூட்டத்திற்கும் இசைத்தட்டு இயக்குபவருக்கும் இடையில் நின்று இரு பகுதியினரையும் பிணைத்தனர். அவர்தம் கூவல்கள் அடிகளாகி, அடிகள் எதுகை பெற்று, பின்னரே றாப் பாடகன் என்னும் கவிஞன் பிறந்தான். அவன் தன் சொல்லிலேயே முழுதாக ஆழ்ந்தபோது, பிணைக்கும் தொழில் அவன் கையினின்று நழுவிற்று. அதனை ஏற்க இன்னொருவன் வேண்டியிருந்தான். ஆகவே துணைக்குரலோன் பாடகனுக்குப் பின் ஒட்டப்பட்ட வாலன்று. வரலாற்றுமுறையில் நோக்கின் பாடகனே அவனிடமிருந்து பிரிந்துபோனவன் எனலாம். விமரிசகர்கள் இவ்வரிசையைத் தலைகீழாகக் காண்கின்றனர் என்பதே எமது குறைபாடு.

இதற்கும் முந்திய வேர்கள் பற்றிச் சுருக்கமாகக் கூறலாம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயங்களிற் போதகரின் ஒவ்வொரு கூற்றுக்கும் சபையார் விடைக்குரல் கொடுப்பர். ஜேம்ஸ் பிறவுணின் மேடையில் பொபி பேர்ட் அக்குரலை இசைக்குள் கொணர்ந்தார். மேற்கு ஆபிரிக்காவின் மன்டே மக்களிடையே, காவியம் பாடும் பாணனின் அருகிலிருந்து அடிதோறும் 'நாமு' என விடையிறுக்கும் ஒருவன் உள்ளான். அவன் சொல்வது ஒரே சொல். ஆயினும் அவனின்றிக் காவியம் நிகழாது. கேட்போர் அனைவருக்காகவும் அவன் கேட்கின்றான். துணைக்குரலோனை மேடையேறிய முதற் கேட்போன் என நாம் கொள்வதற்கு இவ்வொப்பீடு பெரிதும் துணைபுரிகின்றது.

இக்கருத்தினைச் சோதித்துப் பார்ப்பதற்கு பப்ளிக் எனிமி குழுவிலும் பொருத்தமான சான்று வேறில்லை. டெப் ஜாம் நிறுவனம் இக்குழுவை ஒப்பந்தம் செய்ய முன்வந்தபோது, சக் டியின் குரலே அதற்கு வேண்டியிருந்தது. பிளேவர் பிளேவ் செய்வது யாதென்பது நிறுவனத்தாருக்கு விளங்கவில்லை. சக் டி விடாப்பிடியாக நின்றமையாலேயே அவரும் உள்வாங்கப்பட்டார். இசைத்தட்டு விற்போர் இவ்வாறு வினவியது வியப்பன்று. இலக்கிய விமரிசகரும் அதே வினாவை இன்றும் எழுப்புவதுதான் வியப்பிற்குரியது.

அக்குழுவின் மேடையை நோக்குவோம். சக் டியின் குரல் ஆழ்ந்தது. அறிவிப்பாளர் ஒருவரின் அதிகாரம் அதிலுண்டு. அவருக்குப் பின்னே படைச்சீருடையினர் மிடுக்குடன் அணிவகுத்து நிற்பர். கூறப்படுவதோ இனஒடுக்குமுறை, காவற்றுறை, சிறை ஆகியன பற்றிய கடும் சொற்கள். இவற்றை மட்டும் மேடையில் நிறுத்தினால் அது அரசியற் பிரசங்கமாகவே முடியும். இவற்றிற்கிடையே பெரிய மணிக்கூடு ஒன்றினைக் கழுத்தில் தொங்கவிட்ட பிளேவர் பிளேவ் துள்ளி ஓடுகின்றார், சக் டி சொன்னதை எதிரொலிக்கின்றார், வியக்கின்றார், தூண்டுகின்றார், சில வேளை கேலி செய்கின்றார். கூட்டம் அவரைப் பார்த்தே தான் எப்படி எதிர்வினை புரியலாம் என்பதை அறிகின்றது. 1988 இல் வெளிவந்த அவர்களின் இரண்டாவது இசைத்தொகுதியில், முந்திய ஆண்டு லண்டன் ஹமர்ஸ்மித் ஓடியனில் நடந்த நிகழ்ச்சியின் ஒலிப்பதிவுத் துண்டுகள் இடையிடையே சேர்க்கப்பட்டன. அத்தொகுதியே கூட்டத்தின் ஆரவாரத்துடன் தொடங்குகின்றது. பதிவுக்கூடத்தின் நுட்பத்தில் அக்காலத்தில் எவருக்கும் இளைக்காத ஒரு குழு, மேடையின் இரைச்சலை உள்ளே கொணர வேண்டுமென்று கருதியமை கவனிக்கத்தக்கது.

பிளேவர் பிளேவைக் கோமாளி என ஒதுக்குவோர் உளர். வெள்ளையர் முகத்தில் கரிபூசிக் கறுப்பினத்தவரை இழித்து நடித்த பழைய மேடை மரபின் எச்சத்தை அவரிடம் காண்போரும் உளர். 2006 இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் அவர் தோன்றியபின் இக்கண்டனம் வலுத்தது. தொலைக்காட்சியைப் பொறுத்தவரை கண்டனத்தை மறுக்க எமக்கு விருப்பமில்லை. மேடையைப் பொறுத்தவரை அது பொருந்தாது. 1990 இல் அவர் முதற்குரலாகப் பாடிய பாடல், கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளுக்கு அம்புலன்ஸ் வண்டி காலந்தாழ்த்தி வருவதைப் பற்றியது. கோமாளியின் வாயிலிருந்து வருவதனாலேயே அம்முறைப்பாடு கூர்மை பெறுகின்றது. எமது கூத்துக்களிலும் அரசனைக் குத்திப் பேசும் உரிமை கட்டியகாரனுக்கே உண்டன்றோ?

வேறு சிலரைப் பற்றியும் கூறவேண்டும். பஸ்ரா றைம்ஸின் அதிவேக அடிகளுக்கு ஸ்பிளிப் ஸ்ரார் பல்லாண்டுகளாகத் துணைநின்றுள்ளார். இருவரும் ஒரே அசைவில் திரும்புவதும் ஒரே அசையில் நிறுத்துவதும் நீண்ட பயிற்சியின் விளைவுகள். எமினெமின் பக்கத்தில் அவருடைய இளமைக்கால நண்பர் புறூப் நின்றார். 2006 ஏப்ரலில் அவர் டெட்ரொயிற்றிற் சுட்டுக்கொல்லப்பட்டார். மேடையில் நண்பன் ஒருவன் நிற்பது அலங்காரத்திற்காக அன்று. பாடுவோன் எவ்விடத்தில் தடுமாறுவான் என்பதை அறிந்தவன் அவன் ஒருவனே. இவ்விடம் பயிற்சிக்களமாகவும் இருந்துள்ளது. பிக் டடி கேன் ஆடை மாற்றச் சென்ற இடைவேளைகளில் ஜே-ஸீ மேடையேறினார். டூபாக் ஷக்கூர் டிஜிற்றல் அண்டர்கிறவுண்ட் குழுவிற்குப் பொதி சுமப்பவராகவும் ஆடுபவராகவும் சேர்ந்தே மேடையைக் கற்றார்.

துணைக்குரல் எல்லாம் நன்றெனக் கூறுவதற்கில்லை. பத்துப் பேர் மேடையில் நெருக்கி நின்று, ஆளுக்கோர் ஒலிவாங்கியில் ஒவ்வோரடியின் எல்லாச் சொற்களையும் கத்தும் நிகழ்ச்சிகள் பல. ஒலிவாங்கியின் தலைப்பகுதியைக் கைக்குள் பொத்திப் பிடிக்கும் பழக்கம் வேறு. அவ்வாறு பிடிக்கையில் சொல் மழுங்குகின்றது; ஒலிபெருக்கியின் கீச்சொலி எழுகின்றது. எச்சொல்லை விட்டுவிடுவது என்று அறிவதே துணைக்குரலோனின் கலை. அதனை அறியாதவன் பாடுவோனுக்குப் போட்டியாளனாகின்றான்.

இன்று பிரச்சினை வேறோர் உருவில் உள்ளது. பதிவான முதற்குரலையே பின்னணியில் ஒலிக்கவிட்டு, அதன்மேல் ஆங்காங்கே சில சொற்களை மட்டும் கூவும் வழக்கம் பரவிவிட்டது. இந்நிலையில் பாடகன் தன் சொந்தப் பதிவிற்கே துணைக்குரலோனாகிவிடுகின்றான். மூச்சுப் பிரச்சினை தீர்கின்றது. அதனோடு சேர்ந்து மறுகுரல் கொடுக்கும் மனிதனும் மறைகின்றான். பெரும் அரங்குகளின் மேடையமைப்பும் இதற்கு உதவுகின்றது. 2016 இல் கான்யே வெஸ்ற் தம் சுற்றுப்பயணத்திற் பார்வையாளரின் தலைகளுக்கு மேலே தொங்கி நகரும் தளத்தில் தனியராய் நின்று பாடினார். காட்சி என்றவகையில் அது வியத்தகு சாதனை. ஆயின் அங்கு கூட்டம் அண்ணாந்து பார்த்தது. பிளாஷின் விரல்களைப் பார்த்து நின்ற கூட்டத்தை அது எமக்கு நினைவூட்டுகின்றது.

கிளர்ச்சியூட்டும் ஆற்றல் எவருடைய கையில் உள்ளது என்பது வெறும் அழகியல் வினாவன்று. 2021 நவம்பர் 5 ஆம் நாள் ஹூஸ்ரனில் நடந்த அஸ்ரோவேர்ல்ட் விழாவில், டிறவிஸ் ஸ்கொற்றின் நிகழ்ச்சியின்போது ஏற்பட்ட நெரிசலிற் சிக்குண்ட பத்துப் பேர் உயிரிழந்தனர். துணைக்குரலோன் ஒருவன் நின்றிருப்பின் அது தடுக்கப்பட்டிருக்கும் என்று கூறுவது பேதைமை. நெரிசலின் காரணங்கள் இடவமைப்பையும் ஏற்பாட்டையும் சார்ந்தவை. எனினும் பல்லாயிரவர் கூடும் இடத்திற் கூட்டத்தின் முகத்தைப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட எவரும் மேடையில் இல்லாத ஓர் ஆற்றுகை வடிவம் பெருகி வருவதை, விழாக்களை ஏற்பாடு செய்வோரும் ஆராய்வோரும் சிந்திக்காதிருத்தல் இயலாது.

துணைக்குரலே முதற்குரலான ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. பற்மன் ஸ்கூப் 1999 இல் வெளியிட்ட இசைத்தட்டு, பெரும்பாலும் கூட்டத்தை நோக்கிய அழைப்புக்களாலேயே ஆனது. 2003 இல் அது பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. ஏட்டில் எழுதினால் அதில் ஒன்றுமே இல்லை; மண்டபத்தில் ஒலித்தாற் கூட்டம் முழுதும் விடையிறுக்கின்றது. 2024 ஓகஸ்ட் 30 ஆம் நாள் கனெற்றிக்கட் மாநிலத்தின் ஹம்டனில் ஆற்றுகையின் நடுவே அவர் மேடையிற் சரிந்து வீழ்ந்து மறைந்தார்.

இத்தகைய ஆற்றுகைகளை ஆராய விழைவோர்க்கு மூலங்கள் இல்லாமலில்லை. 1981 இல் ஹார்லம் வேர்ல்ட் அரங்கில் கோல்ட் கிறஷ் பிறதர்ஸ் குழுவினரும் பன்ராஸ்ரிக் குழுவினரும் மோதியதன் ஒலிப்பதிவு போன்ற கசெற் நாடாக்கள் அக்காலத்திற் கைக்குக் கை மாறி வழங்கின. அவற்றின் ஒலி தெளிவற்றது. சொற்கள் பல இடங்களிற் புரியா. ஆனால் அவற்றிற் கூட்டம் கேட்கின்றது. பாடல் வரிகளைப் பெயர்த்தெழுதுவோர் இதுவரை இரைச்சலெனக் கழித்துவந்தது அந்தக் குரலையே.