முதலில் ஹால், கடைசியில் ப்ளேயர்

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்குத் தெரியும். சேப்பாக்கத்தில் மூன்று சுழற்பந்து வீச்சாளர்களோடு இறங்கும் அணி, பெர்த் போனால் அதே பதினொரு பேரை இறக்காது. ஆடுகளத்தைப் பார்த்த பிறகுதான் பட்டியல். வீட்டில் பாட்டு கேட்க சாமான் வாங்கும்போது மட்டும் நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். முதலில் ப்ளேயர், அப்புறம் ஸ்பீக்கர், அப்புறம் எதைக் கேட்பது என்ற யோசனை. எல்லாம் வந்து இறங்கிய பிறகு, ஹாலில் எதை எங்கே வைப்பது என்று வீட்டுக்குள் தகராறு.

நானும் அப்படி ஆடித் தோற்றவன்தான். சில வருடங்களுக்கு முன் பழைய எஸ்ஏசிடி (சிடிக்குப் போட்டியாக வந்த தட்டு) ப்ளேயர் ஒன்றை செகண்ட்ஹேண்டில் வாங்கி, நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸுக்குக் கொண்டுவந்தேன். விற்றவர் ஓர் ஆப்டிகல் கேபிளையும் கையில் கொடுத்து, “இது போதும் சார்” என்றார். தட்டைப் போட்டேன். முகப்பில் எஸ்ஏசிடி என்று விளக்கு எரிந்தது, ரிசீவரில் மூச்சில்லை. அதே தட்டின் சிடி அடுக்குக்கு மாற்றினால் பாடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கேபிளைக் கழற்றி மாட்டிய பிறகுதான் விஷயம் புரிந்தது. நகல் எடுத்துவிடுவார்கள் என்ற பயத்தில், எஸ்ஏசிடியின் ஒலியை ஆப்டிகல் வழியே வெளியே விடுவதில்லை. ப்ளேயரின் பின்பக்கம் ஆறு ஆர்சிஏ துளைகள் இருந்தன. ஆறிலிருந்தும் தனித்தனியே வயர் இழுக்க வேண்டும். என் ரிசீவரிலோ அந்த ஆறையும் வாங்கிக்கொள்ள இடமில்லை. ஆட்டக்காரர் மேல் குறையில்லை. குறை தேர்வாளர் மேல்தான்.

அதனால் இந்த அலசல் ஹாலில் தொடங்குகிறது.

ஆடுகள நிலவரம்

என் ஹால் பத்துக்குப் பன்னிரண்டு அடி. டிவி இருப்பது பத்தடிச் சுவரில். ஐந்து ஸ்பீக்கர்களை எப்படி நிறுத்துவது என்பதற்கு சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை ஒன்று உண்டு. நடு ஸ்பீக்கர் நேர் எதிரே. இடதும் வலதும் அதிலிருந்து 30 டிகிரி. சரவுண்ட் இரண்டும் 100 முதல் 120 டிகிரிக்குள். கோணமானி வேண்டாம், அடிக்கணக்கில் சொல்கிறேன். டிவி சுவரிலிருந்து ஏழடி தள்ளி நாற்காலி. முன் ஸ்பீக்கர்கள் இரண்டுக்கும் இடையே எட்டடி. சரவுண்ட் இரண்டும் பக்கச் சுவர்களில், காதுக்கு நேராக இருக்கும் இடத்திலிருந்து ஒன்றே முக்கால் அடி பின்னால். பின் மூலையில் பரண் உயரத்தில் ஆணி அடித்து மாட்டுவதுதான் நம் ஊர் வழக்கம். அங்கிருந்து வருவது சரவுண்ட் அல்ல, பக்கத்து வீட்டு ரேடியோ.

அடுத்தது எதிரொலி. மொசைக் தரை, வெறும் சுவர். நடு ஹாலில் நின்று ஒருமுறை கை தட்டினால் ‘டிர்ர்’ என்று திரும்பி வரும். இதைச் சரிசெய்யாமல் எவ்வளவு விலை கொடுத்தும் பயனில்லை. தரைக்கு ஒரு ஜமுக்காளம், ஜன்னலுக்குக் கனமான திரை, பின்சுவரை அடைத்து ஒரு புத்தக அலமாரி. கடைசியானது இந்த ஊர்க்காரர்களுக்குச் சுலபம். நெய்வேலி புத்தகக் கண்காட்சியில் வாங்கி அடுக்கியதெல்லாம், படித்தாலும் படிக்காவிட்டாலும், எதிரொலியைச் சிதறடிக்கும்.

மூன்றாவது சப்வூஃபர். பன்னிரண்டு அடி நீள அறை 47 ஹெர்ட்ஸ் பக்கம் வரும் தாழ்ந்த ஒலியைத் தானாகவே ஊதிப் பெருக்கும். சப்வூஃபரை மூலையில் ஒடுக்கி வைத்தால் இந்த வீக்கம் இன்னும் அதிகம். சுரங்கமும் அனல் மின் நிலையமும் இரவு பகலாக ஓடும் ஊர் இது. காலை பதினொரு மணிக்கும் யாரோ ஒருவர் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருப்பார். ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். “சார், பாட்டு கேட்டாக்கூடப் பரவாயில்ல. பாட்டே வரல, திம் திம்முனு மட்டும்தான் வருது.” ஓர் ஒலிப்பொறியாளர் இதைவிடத் தெளிவாக அறிக்கை தர முடியாது. மேல் ஸ்தாயி ஒலியைச் சுவர் தடுத்துவிடும். பேஸ் அதை ஊடுருவிப் போகும். சப்வூஃபரை மூலையிலிருந்து நகர்த்தி, அளவையும் குறைத்தேன். அவருக்குத் தூக்கம் வந்தது. எனக்கு அதுவரை காதில் விழாத மிருதங்கத்தின் தொப்பி கேட்டது.

பழைய பகை

இப்போது வடிவங்களுக்கு வருவோம். 1982இல் வந்த சிடி, ஒலியை நொடிக்கு 44,100 முறை, ஒவ்வொரு முறையும் 16 பிட்டில் அளந்தது, சேனல் இரண்டு. அதைத் தோற்கடிக்க இரண்டு போட்டியாளர்கள் அடுத்தடுத்து இறங்கினார்கள். 1999இல் சோனியும் பிலிப்ஸும் கொண்டுவந்த எஸ்ஏசிடி, 2000இல் டிவிடி-ஆடியோ. இரண்டிலும் ஆறு சேனல் வரை வைக்கலாம்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 96,000 முறை, 24 பிட், ஆறு சேனல். பெருக்கினால் நொடிக்கு 1 கோடியே 38 லட்சத்து 24 ஆயிரம் பிட். டிவிடி-ஆடியோ தட்டிலிருந்து நொடிக்கு அதிகபட்சம் 96 லட்சம் பிட்தான் எடுக்க முடியும். ஒரு பிட்டைக்கூட இழக்காமல் சுருக்கி இந்தப் பள்ளத்தைத் தாண்ட வைத்தது இங்கிலாந்தின் மெரிடியன் நிறுவனம் உருவாக்கிய எம்எல்பி. எஸ்ஏசிடி போன பாதை வேறு: ஒரே பிட், ஆனால் நொடிக்கு 28,22,400 முறை. கூடவே பெரும்பாலான தட்டுகளில் ஒரு சிடி அடுக்கும் இருந்ததால் சாதாரண ப்ளேயரிலும் பாடியது.

இருவருமே கோப்பையைத் தூக்கவில்லை. ஒருவர் தட்டு மற்றவர் ப்ளேயரில் ஓடாது; வீட்டில் ஆறு வயர் இழுக்க யாருக்கும் பொறுமையில்லை; ரசிகர்களோ 2001இல் வந்த ஐபாடோடு எம்பி3 பக்கம் போய்விட்டார்கள். ஆனால் ஆட்டம் அத்தோடு முடியவில்லை. டிவிடி-ஆடியோ ஓய்வு பெற்றாலும், அதன் எம்எல்பி ப்ளூ-ரே அணியில் சேர்ந்து டால்பி ட்ரூஎச்டிக்கு அடித்தளமாக இன்றும் ஆடுகிறது. எஸ்ஏசிடி, மேற்கத்திய செவ்வியல் இசை வெளியிடும் பிஸ், பென்டாடோன் போன்ற நிறுவனங்களின் தயவில் மூச்சுவிட்டது. பிங்க் ஃப்ளாய்டின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ 1973இல் நான்கு சேனலில் வந்தது, 2003இல் எஸ்ஏசிடியில் ஆறு சேனல் 5.1 ஆனது, 2023இல் ப்ளூ-ரேயில் டால்பி அட்மாஸ் என்ற சரவுண்ட் வடிவம் ஆனது. ஆட்டக்காரர் ஒருவர்தான், மாறியது ஜெர்சி.

டாஸும் காதும்

அதிக எண் போட்ட வடிவம் அதிகமாக இனிக்குமா? 2007இல் மேயர், மோரன் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்க ஒலிப்பொறியியல் கழகத்தின் இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். எஸ்ஏசிடி, டிவிடி-ஆடியோ தட்டுகளின் இரண்டு சேனல் ஒலி ஒரு பக்கம். அதையே சிடியின் 16 பிட் அளவுக்குக் குறைத்தது மறுபக்கம். எது எது என்று சொல்லாமல் கேட்க வைத்தார்கள். 554 முயற்சியில் 276 சரி, அதாவது 49.8 சதவீதம். நாணயத்தைச் சுண்டியிருந்தாலும் இதே ஸ்கோர்தான் வந்திருக்கும். ஆனால் அவர்களே இன்னொன்றும் சொன்னார்கள்: அந்தத் தட்டுகள் பல சிடிகளைவிட நன்றாகவே ஒலித்தன, காரணம் எண் அல்ல, அவற்றைக் கவனமாகப் பதிந்து தொகுத்த கைகள்.

என் தீர்ப்பும் இங்கேதான். 192 கிலோஹெர்ட்ஸ் போன்ற பெரிய எண்களுக்காகக் காசைக் கொட்டாதீர்கள். காது உடனே கண்டுபிடிப்பது திசையை. தபேலா இடது தோளுக்குப் பின்னால் இருந்து வந்தால் குழந்தைகூடத் திரும்பிப் பார்க்கும். மல்டிசேனலின் பலம் அது.

ஆனால் அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். இலங்கையில் பிறந்த ஒலிப்பதிவாளர் கவி அலெக்சாண்டர், கலிஃபோர்னியாவின் சான்டா பார்பராவில் ஒரு தேவாலயத்தில் விஷ்வ மோகன் பட், ரை கூடர் என்ற இரு இசைக்கலைஞர்களை உட்கார வைத்து ‘எ மீட்டிங் பை தி ரிவர்’ பதிவு செய்தார். 1993இல் வெளியாகி, 1994இல் கிராமி வாங்கியது. இரண்டே சேனல். இரண்டு நல்ல ஸ்பீக்கரில் கேட்டால் அந்தத் தேவாலயத்தின் உயரம்கூடத் தெரிகிறது. ஆறு சேனல் அணி என்பதாலேயே அது இரண்டு சேனல் அணியை வென்றுவிடாது.

நம் பாட்டு எந்த அணியில்?

‘அன்னக்கிளி’ 1976. தமிழில் ஸ்டீரியோவில் பதிவான முதல் படமாகச் சொல்லப்படும் ‘ப்ரியா’ 1978. ‘அன்னக்கிளி’ போல அதற்கு முந்தைய படத்தின் பாட்டுக்கு ‘5.1 ரீமிக்ஸ்’ என்று லேபிள் ஒட்டியிருந்தால், ஒரே ஓடையைப் பிரித்து ஆறு வாய்க்காலில் விட்டிருக்கிறார்கள் என்று பொருள். தண்ணீர் அதே தண்ணீர்தான். குரல் நடுவில் நிற்காமல் ஹால் முழுக்க அலையும். அவற்றை இரண்டு ஸ்பீக்கரிலேயே கேளுங்கள். கச்சேரிப் பதிவுகளும் அப்படியே. அங்கே சரவுண்டுக்குப் பெரும்பாலும் மிஞ்சுவது சபாவின் கைதட்டலும் இருமலும்தான்.

தமிழில் உண்மையான மல்டிசேனல் இருப்பது திரைப்படங்களின் ஒலித்தடத்தில். 2012இல் வந்த ‘சிவாஜி’ 3டி, டால்பி அட்மாஸில் வெளியான முதல் இந்தியப் படம். 2021இலிருந்து ஆப்பிள் மியூசிக் அட்மாஸில் பாடல்களைத் தருகிறது. ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: ஸ்ட்ரீமிங்கில் வரும் அட்மாஸ், நொடிக்கு 7 லட்சத்து 68 ஆயிரம் பிட்டுக்குள் ஒலியைக் கத்தரித்துச் சுருக்கிய வடிவம். ப்ளூ-ரேயின் ட்ரூஎச்டி கத்தரிக்காதது. ஆனாலும் சரியாக வைத்த ஸ்பீக்கரில் ஸ்ட்ரீமிங் அட்மாஸ், மூலையில் மாட்டிய ஸ்பீக்கரில் பாடும் ப்ளூ-ரேயைவிட மேல்.

அணித் தேர்வு

கேப்டன் ப்ளேயர் அல்ல, ரிசீவர். எச்டிஎம்ஐ உள்ள, ஒவ்வொரு ஸ்பீக்கரின் தூரத்தையும் தனித்தனியே குறிக்க முடிகிற ரிசீவர். ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய மூன்று மில்லிநொடி எடுக்கும். அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டுவது அதுதான். ப்ளேயரிலிருந்து எச்டிஎம்ஐ கேபிள் நேராக ரிசீவருக்குப் போகட்டும், டிவியைச் சுற்றிவர வேண்டாம். ஆப்டிகல் கேபிளைப் பெஞ்சில் உட்கார வையுங்கள். சுருக்காத ஆறு சேனலை அதனால் தூக்க முடியாது.

கையில் எஸ்ஏசிடியோ டிவிடி-ஆடியோவோ இருந்தால் மட்டும் எல்லாத் தட்டையும் வாசிக்கும் ஆல்ரவுண்டர் தேவை. அந்த இடத்தில் கொடிகட்டிப் பறந்த ஓப்போ 2018இல் ப்ளேயர் தொழிலையே விட்டது. சோனி யுபிபி-எக்ஸ்800எம்2 இரண்டையும் வாசிக்கும். விலை தாங்குமென்றால் மேக்னடார் உண்டு. பானசோனிக்கின் யுபி820 படத்துக்கு நல்ல தேர்வு, ஆனால் எஸ்ஏசிடியைத் தொடாது. சாம்சங் 2019இலேயே இந்தக் களத்தை விட்டு விலகியது. பழையதை வாங்குவதானால் லென்ஸ் கிடைக்குமா, ட்ரே திறக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தட்டே இல்லாதவருக்கு அட்மாஸ் வெளிவிடும் ஸ்ட்ரீமிங் பெட்டி போதும்.

கடைக்குக் கிளம்பும் முன் ஒரு காகிதத்தில் நீங்கள் உயிராக நினைக்கும் பத்து ஆல்பங்களின் பெயரை எழுதுங்கள். அவற்றில் எத்தனை உண்மையிலேயே ஆறு சேனலில் கிடைக்கிறது என்று பாருங்கள். மூன்றைத் தாண்டவில்லை என்றால் அந்தப் பணத்துக்கு இரண்டு நல்ல ஸ்பீக்கரும் ஒரு ஜமுக்காளமும் வாங்குங்கள். தாண்டினால் தாராளமாக அணியைக் கட்டுங்கள். சப்வூஃபரை எடுத்து வைக்கும் அன்று மட்டும், பக்கத்து வீட்டில் இந்த வாரம் என்ன ஷிப்ட் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.