யாக்கு பட்டியல் சொல்லாமல் விடுவது

ஜப்பானிய மாஜாங் கத்துக்க ஆரம்பிச்சா முதல்ல கைக்கு வருவது யாக்கு பட்டியல்தான். யாக்கு என்றால், ஜெயிக்கிற கையில் ஒன்றாவது இருந்தே ஆகவேண்டிய அமைப்பு. பட்டியல் இவற்றை ஹான் மதிப்புப்படி அடுக்கும். பார்க்க ஒழுங்காத்தான் இருக்கு. ஆனா எது எதோடு சேரும் என்று அது சொல்வதில்லை. என் குறையே அதுதான்.

பின்ஃபுவுக்கு நாலு தொகுதியும் தொடர் எண்களாக இருக்கணும், கடைசிக் காய்க்கு இரண்டு பக்கமும் திறந்திருக்கணும். தான்யாவுக்கு 2 முதல் 8 வரை மட்டும். ரெண்டுமே நடு எண்களைத்தான் தேடுது. அதனால் அடிக்கடி சேர்ந்தே வருது. தொய்தொய்க்கு நாலு தொகுதியும் ஒரே காய் மும்மூன்றாக வேணும். அது பின்ஃபுவோடு சேரவே முடியாது. ரெண்டுக்கும் நடுவில் தடுமாறினா ரெண்டும் போச்சு.

புள்ளிக் கணக்கையும் பாருங்க. டீலர் அல்லாதவர், அடுத்தவர் போட்ட காயில் ஜெயித்தால் வெறும் பின்ஃபுவுக்கு 1000. தான்யாவும் இருந்தால் 2000. ரீச்சியும் அறிவித்திருந்தால் 3900. ஒரே தொடர் இரண்டு தடவை வரும் ஈப்பேக்கோவும் அமைந்தால் 7700. ஐந்தாவது ஹான் வந்தால்? 8000 மட்டுமே!

இந்த 300 புள்ளிக்கு ஆசைப்பட்டு, முடிஞ்ச கையைக் கலைச்சு நான் தோற்ற ஆட்டங்கள் நிறைய. விலைப்பட்டியலாக இல்லாமல் உறவுப்பட்டியலாக யாராவது முதல்லயே கொடுத்திருந்தா, எங்கே நிறுத்தணும்னு கொஞ்சம் சீக்கிரம் புரிஞ்சிருக்கும்.