நத்தார் மரமும் யன்னற் கண்ணாடியும்: மூன்று கதைகள் பற்றிய ஒரு நோக்கு

ஒரு பண்டிகையைக் கொண்டாடுவோர் அதன் சடங்குகள் யாவும் தொன்றுதொட்டு வழங்கி வருவன என்றே பெரும்பாலும் நம்புகின்றனர். நத்தாரும் இதற்கு விலக்கன்று. ஆயின், இன்று பல தேசங்களிலும் நத்தாருக்கே உரியனவாகக் கருதப்படும் வழக்கங்கள் பல, பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தம் இன்றைய வடிவத்தைப் பெற்றன. இங்கிலாந்தில் 1647ஆம் ஆண்டு தூய்மைவாதிகளின் பாராளுமன்றம் இப்பண்டிகையைச் சட்டத்தினால் ஒழிக்க முனைந்தது. ஸ்கொத்லாந்தில் அது பொது விடுமுறை நாளானது 1958ஆம் ஆண்டிலேயே. நாம் வழங்கும் 'நத்தார்' என்னும் சொல்லும் போர்த்துக்கேயர் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்ததே.

நத்தார் மரத்தின் வரலாறும் இத்தகையது. ஸ்திராஸ்பூர்க் நகரத்தவர் தம் வீடுகளுள் மரம் நிறுத்திக் கடதாசி ரோசாக்களாலும் அப்பிள்களாலும் அதனை அலங்கரித்தமை பற்றி 1605ஆம் ஆண்டளவில் எழுதப்பெற்ற குறிப்பு ஒன்று உளது. ஜேர்மன் மொழி வழங்கிய பிரதேசங்களுக்குரிய இவ்வழக்கம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரச குடும்பத்துத் திருமண உறவுகள் மூலமாகவும் செல்வர் வீடுகள் மூலமாகவும் டென்மார்க்கிலும் ருஷ்யாவிலும் இங்கிலாந்திலும் வேரூன்றியது. விக்ரோறியா இராணியின் குடும்பத்தினர் மரமொன்றைச் சூழ்ந்து நிற்கும் படம் 1848ஆம் ஆண்டு இலண்டன் சஞ்சிகையொன்றில் வெளிவந்ததன் பின்னர் ஆங்கில நடுத்தர வர்க்கத்தினரிடையே அது விரைந்து பரவிற்று.

இம்மாற்றத்தின் சமூகப் பொருள் யாது? வீதியிலும் ஊர்ப் பொதுவிலும் பெரிதும் நிகழ்ந்து வந்த கொண்டாட்டம், குடும்பம் என்னும் வட்டத்தினுள், நான்கு சுவர்களின் நடுவே வந்து அமர்ந்தது என்பதே. விழா வீட்டினுள் புகுந்ததும் அதற்கு ஓர் 'உள்'ளும் ஒரு 'வெளி'யும் உண்டாயின. இரண்டுக்கும் இடையே நின்றது யன்னற் கண்ணாடி. பார்வையைத் தடுக்காமல் ஆளை மட்டும் தடுப்பது கண்ணாடியின் இயல்பு. இந்த உண்மையை அக்காலத்து மூன்று பெரும் படைப்பாளிகள் மூன்று வேறு விதமாகக் கண்டனர். சாள்ஸ் டிக்கன்ஸின் 'நத்தார்க் கீதம்' (1843), ஹான்ஸ் கிறிஸ்தியன் அண்டர்சனின் 'தீக்குச்சி விற்ற சிறுமி' (1845), தொஸ்தோயெவ்ஸ்கியின் 'கிறிஸ்துவின் நத்தார் மரத்தருகே சிறுவன்' (1876) ஆகிய கதைகளை ஒருசேர வைத்து நோக்குமிடத்து, ஒரு வினாவே நம் முன் எழுகின்றது: கண்ணாடியின் எப்பக்கத்தில் நின்று ஆசிரியன் பார்க்கின்றான்?

முதலில் டிக்கன்ஸை எடுத்துக்கொள்வோம். தந்தை கடனுக்காகச் சிறையிருக்க, பன்னிரண்டு வயதிற் சப்பாத்து மைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர் அவர். வறுமையை அவர் ஏட்டிற் படித்தறிந்தாரல்லர். 1843ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சிறுவர் தொழில் பற்றி ஆராய்ந்த அரசாங்க ஆணைக்குழுவின் அறிக்கை அவரை உலுக்கியது. வறியவரின் பிள்ளைகளுக்காக ஆங்கில மக்களை நோக்கித் துண்டுப்பிரசுரம் ஒன்று எழுத முதலில் அவர் எண்ணினார். பின்னர் அவ்வெண்ணத்தைக் கைவிட்டு ஆறு வாரங்களில் இக்கதையை எழுதி முடித்தார். டிசெம்பர் 19ஆம் நாள் வெளிவந்த ஆறாயிரம் பிரதிகளும் நத்தாருக்கு முதல்நாளே விற்றுத் தீர்ந்தன.

துண்டுப்பிரசுரமாக வேண்டியது கதையாயிற்று என்பதில் ஆதாயமும் உண்டு, இழப்பும் உண்டு. ஆதாயம் வெளிப்படை. அறிக்கைகளைப் படியாதவரும் ஸ்க்ரூஜைப் படித்தனர். வறியோருக்கான தொழில் இல்லங்களை வலுப்படுத்திய 1834ஆம் ஆண்டுச் சட்டத்தின் கொடுமையும், மிகைச் சனத்தொகை பற்றி அக்காலப் பொருளியலாளர் பேசிய இரக்கமற்ற தர்க்கமும் ஸ்க்ரூஜின் வாய்மொழியாக வந்து வாசகர் முன் நாணி நின்றன. இழப்பு எது? கதையின் பார்வை நிலையை நோக்கின் அது புலனாகும். ஆவிகளால் அழைத்துச் செல்லப்படும் ஸ்க்ரூஜ், பிறர் கண்ணுக்குப் புலப்படாதவனாய்த் தன் எழுதுவினைஞன் பொப் கிறாச்சிற்றின் குடிலினுள் எட்டிப் பார்க்கின்றான். வீட்டில் அடுப்பு வசதியின்மையால் வெதுப்பகத்திற் கொடுத்து வாட்டிய வாத்து அங்கே பங்கிடப்படுகின்றது. கால் ஊனமுற்ற மகன் ரிம் தந்தையின் அருகில் அமர்ந்திருக்கின்றான். ஆக, இக்கதையிற் கண்ணாடிக்கு வெளியே நிற்பவன் செல்வன். உள்ளே காட்சிப் பொருளாக இருப்பவர் வறியவர்.

இக்காட்சி யாருக்காக அமைந்தது? நூலின் விலை ஐந்து சிலிங். பொப் கிறாச்சிற்றின் வாராந்தச் சம்பளம் பதினைந்து சிலிங் என்று கதையே கூறுகின்றது. தன் கதையைத் தானே வாங்கிப் படிக்க அவன் ஒரு வாரச் சம்பளத்தின் மூன்றிலொரு பங்கைக் கொடுக்க வேண்டியிருந்திருக்கும்! நூல் பேசியது பொப்பின் முதலாளியோடு. ஆதலின் முதலாளியின் மனமாற்றமே அதற்குத் தீர்வாயிற்று. இங்கே நாம் நீதி தவறலாகாது. மனம் மாறிய ஸ்க்ரூஜ் வான்கோழி ஒன்றை அனுப்பி வைப்பதோடு அமையவில்லை. பொப்பின் சம்பளத்தையும் உயர்த்துகின்றான். சம்பள உயர்வு பிச்சையன்று. எனினும், அது பொப் கேட்டுப் பெற்ற உரிமையுமன்று. ஓரிரவுக் கனவின் பயனாகக் கிடைத்த சம்பளம், பிறிதோர் இரவின் சினத்தினாற் போய்விடவுங் கூடும்.

டிக்கன்ஸ் இதனை உணராதவரல்லர் என்பதற்கும் நூலிலேயே சான்றுண்டு. நிகழ்கால நத்தாரின் ஆவி தன் அங்கியை விலக்க, அதன் கீழ் அறியாமை, வறுமை என்னும் இரு குழந்தைகள் விலங்குகள் போல் ஒடுங்கியிருக்கும் காட்சியே கதையின் அதி உக்கிரமான இடம். துண்டுப்பிரசுரமாக உருக்கொள்ளவிருந்த ஆவேசம் அங்கே தலைகாட்டுகின்றது. ஆயின் இறுதி அத்தியாயத்தில் அவ்விரு குழந்தைகளையும் நாம் காண்பதில்லை. ரிம் பிழைத்துக்கொள்கின்றான். பெயரில்லாத அக்குழந்தைகளுக்கு என்ன நேர்ந்தது? மகிழ்ச்சியான முடிவு அவ்வினாவை மூடிவிடுகின்றது.

இரண்டு ஆண்டுகளின் பின் அண்டர்சன் எழுதிய கதையில் பார்வையின் திசை தலைகீழாக மாறுகின்றது. ஆண்டிறுதி இரவில், வெறுங்காலுடன் பனியில் நடக்கும் சிறுமி ஒருத்தி தீக்குச்சி விற்கின்றாள். எதுவும் விற்கவில்லை. வெறுங்கையுடன் சென்றால் தந்தை அடிப்பான். குளிர் தாங்காது ஒவ்வொரு குச்சியாகக் கொளுத்துகின்றாள். ஒளி படும் சுவர் திரைபோல் ஊடுருவித் தெரிய, வாட்டிய வாத்துடன் விருந்து மேசையும், பின்னர் நத்தார் மரமும் தோன்றுகின்றன. முந்திய நத்தாரில் பணக்கார வணிகர் ஒருவரின் வீட்டுக் கண்ணாடிக் கதவினூடாகத் தான் கண்டதிலும் பெரிய மரம் இது என்று அவள் எண்ணுகின்றாள். இவ்வொரு குறிப்பில் அவளது வாழ்க்கை முழுதும் அடங்கிவிடுகின்றது. மரத்தை அவள் அறிந்ததே கண்ணாடிக்கு வெளியே நின்றுதான்.

அண்டர்சன் சலவைத் தொழிலாளி ஒருத்தியின் மகன். அவருடைய தாய் சிறுமியாயிருந்தபோது பிச்சை எடுக்க அனுப்பப்பட்டவள். இக்கதையின் பொருளியல் நுட்பம் அவ்வறிவிலிருந்து பிறந்தது. சிறுமிக்குச் சூடு தருவது அவள் விற்க வேண்டிய சரக்கு. ஒரு கணம் சூடு பெறுவதற்கு அவள் தன் முதலையே எரிக்கின்றாள். மறுநாட் காலையில் இறந்து கிடப்பவளைக் கண்டோர், குளிர்காய முயன்றாள் போலும் என்று சொல்லி அமைகின்றனர். அவள் கண்டவற்றை எவரும் அறியார். இறந்த பாட்டியுடன் அவள் விண்ணேகினாள் என்னும் ஆறுதல் வாசகனுக்கு உண்டு. ஆயினும் வீதியில் நின்றோர் எவரும் மனம் மாறவில்லை. டிக்கன்ஸ் தந்த நம்பிக்கையை அண்டர்சன் தர மறுத்தார்.

மூன்றாமவர் தொஸ்தோயெவ்ஸ்கி. 1849ஆம் ஆண்டு நத்தாருக்கு முந்திய இரவிலேயே அவர் காலில் விலங்குடன் சைபீரியாவுக்குக் கொண்டு செல்லப்பட்டார். வழியில், ஒளி நிறைந்த வீடுகளைக் கடந்து சென்றதையும், தம் தமையனின் பிள்ளைகள் நத்தார் மரம் காணச் சென்றிருந்த வீட்டைக் கண்டதையும் அவர் பின்னர் கடிதமொன்றில் நினைவுகூர்ந்தார். வெளியே நின்று யன்னலைப் பார்ப்பதென்பது அவருக்குக் கற்பனையன்று. இருபத்தாறு ஆண்டுகளின் பின், 1875ஆம் ஆண்டு நத்தாரை அடுத்த நாட்களில், சிறுவர் நடன விழா ஒன்றையும், குற்றம் புரிந்த சிறுவருக்கான குடியேற்றமொன்றையும் அடுத்தடுத்துப் பார்த்தார். அவ்வனுபவங்களின் சூழலிலே இக்கதை எழுதப்பெற்றது.

நிலவறையில் தாய் இறந்து கிடப்பதை அறியாத ஆறு வயதளவிலான சிறுவன் பெருநகரின் வீதிக்கு வருகின்றான். காவலன் ஒருவன் அவனைக் காணாதிருக்கும் பொருட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கின்றான். கண்ணாடிக்கு அப்பால் மரமும் பொம்மைகளும் இனிப்புப் பண்டங்களும் உள. கதவைத் திறந்து நுழைந்தவனின் கையில் ஒரு கொப்பெக் நாணயத்தை வைத்து, ஒரு சீமாட்டி அவனை வெளியே அனுப்புகின்றாள். விறைத்த விரல்களால் அதனைப் பற்ற இயலாமல் அது விழுந்து உருள்கின்றது. ஈகை பற்றி எழுதப்பெற்ற நூல்கள் பலவற்றிலும் ஆழமான விமர்சனம் இந்த நாணயத்தில் உண்டு. கொடுத்தவளுக்கு அது கொடை. அவனுக்கோ அது வெளியேற்றும் கட்டணம். விறகுக் குவியலின் பின்னே உறைந்து மடியும் சிறுவன் கிறிஸ்துவின் மரத்தை அடைகின்றான். அங்கிருக்கும் குழந்தைகள் எப்படி இறந்தனர் என்பதை ஆசிரியர் எண்ணிச் சொல்கின்றார். வாசற்படிகளிற் கைவிடப்பட்டோர், சமாரா மாகாணப் பஞ்சத்தில் மடிந்தோர், மூன்றாம் வகுப்புப் புகைவண்டிப் பெட்டியில் மூச்சடைத்து இறந்தோர் என அப்பட்டியல் நீள்கின்றது. விண்ணுலகக் காட்சி ருஷ்யாவின் மரணக் கணக்கேடாக மாறிவிடுகின்றது. அத்துடன், நிலவறையிலும் விறகின் பின்னும் நடந்தவை உண்மையில் நடந்திருக்கக் கூடும், அந்த மரம் பற்றித் தாம் எதுவும் சொல்ல இயலாது என்ற பொருள்பட ஆசிரியர் முடிக்கின்றார். அண்டர்சன் விட்டுவைத்த ஆறுதலையும் இவர் ஐயத்துக்குள்ளாக்கிவிட்டார்.

மூன்றினுள்ளும் டிக்கன்ஸின் கதையே உலகெங்கும் பெருவழக்குப் பெற்றது. அதன் நகைச்சுவையும் மொழி வளமும் அதற்குக் காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் வேறொரு காரணமும் உண்டு. அது வாசகனிடம் கேட்பது மிகக் குறைவு. ஆண்டில் ஒருமுறை மனம் இளகினால் அதற்குப் போதும். ஆண்டுதோறும் டிசெம்பரில் அக்கதை மேடையேறுகின்றது. விழா தன்னைக் கண்டித்த நூலையே தன் அலங்காரங்களுள் ஒன்றாக்கிக்கொண்டது. எதிர்ப்பிலக்கியத்துக்கு நேரக்கூடிய விபத்துகளுள் இதனிலும் பெரியது பிறிதில்லை.

இதனால் மரமே குற்றமுடையது என்று முடிவு கட்டுதலும் தவறாகும். புரட்சிக்குப் பின் சோவியத் நாட்டிற் பழிக்கப்பட்டு ஒதுக்கப்பட்ட மரம், 1935ஆம் ஆண்டின் இறுதியிற் புத்தாண்டு மரமாக மீண்டும் அனுமதிக்கப்பட்டது. செல்வர் வீட்டு யன்னலூடாக ஏழைப் பிள்ளைகள் பார்த்து ஏங்கியதைச் சுட்டிக்காட்டியே அவ்வனுமதி கோரப்பட்டது என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. வேண்டப்பட்டது மரத்தை வெட்டுவதன்று, கண்ணாடியை அகற்றுவதே. அந்நாட்டின் பிற்கால வரலாறு அக்கண்ணாடி எத்துணை எளிதில் வேறிடங்களில் மீண்டும் முளைக்கும் என்பதையும் காட்டியது.

பனியே காணாத நம் நாட்டிலும் பஞ்சினாற் பனி செய்து மரத்தில் ஒட்டுகின்றோம். வழக்கங்கள் இவ்வாறு கடல் கடந்து வருதலில் இழுக்கேதுமில்லை. ஆயின் பஞ்சுப் பனியைப் போன்றே ஸ்க்ரூஜின் மனமாற்றத்தையும் இறக்குமதி செய்து கதை புனைவது எளிது. நத்தார்க் கதை எழுதப் புகும் நம் இளம் எழுத்தாளர், வீட்டினுள் இருந்து வெளியே பார்த்து இரங்குவதற்கு முன், ஒருமுறை வெளியே வந்து நின்று உள்ளே பார்ப்பாராக. அந்தக் குளிரை உணராமல் எழுதப்படும் இரக்கம், கையில் நில்லாது உருண்டோடிய அந்தக் கொப்பெக் நாணயத்துக்கே ஒப்பாகும்.